ஓட்டைக் காலணா

பிப்ரவரி 6, 2024
அப்பாவின் துணிப்பையில், சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. கறுத்த அரைஞாண் கயிற்றுத் துண்டில் கோத்த ஓட்டைக் காலணா. நர்ஸ் மறுபடியும் அப்பாவின் வயதைக் கேட்டார். 78 என்றேன். அத்தை என்னை முறைத்தார்.

பிப்ரவரி 7
அத்தை கணக்கில் அப்பா பிறந்தது 1943 ஆடி. முப்பதாம் நாள் பாட்டி இந்தக் காசைக் கட்டிவிட்டாராம். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்டது 1946.

1943 முதல் 1947 வரைதான் இதை அடித்தார்கள். போர்க்காலச் செம்புத் தட்டுப்பாடு. நடுவில் துளை போட்டு மிச்சம் பிடித்தார்கள். முந்தைய காலணா ஐந்து கிராமை ஒட்டி இருக்கும். இது இரண்டு கிராம்கூட இல்லை. ராஜா தலை கிடையாது, கிரீடம் மட்டும். ஆண்டில் 194 வரை தெரிகிறது. கடைசி எண் 3ஆ, 5ஆ? கயிறு உரசி உரசி மழுங்கிவிட்டது.

5 என்றால் அத்தை சொல்வது சரியில்லை. 3 என்றால் எதுவும் முடிவாகாது, பழைய காசையும் கட்டலாமே. இருந்தாலும் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 8
அப்பாவின் ரத்தத்தில் சோடியம் 121. ரொம்பக் குறைவு.

பிப்ரவரி 9
சித்தி மகன் காசைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பியிருக்கிறான். ஒருவர் போனில் கூப்பிட்டு இரண்டு லட்சம் தருகிறேன் என்றார், பதிவுக் கட்டணம் 2,150 முன்பணமாம். கையில் ஐசியு பில் இருந்தது. ஒரு நிமிடம் மனசு போனது, மறைக்கவில்லை. பழைய காசுக்குக் கமிஷன் கேட்பவர்களுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. கோடிக்கணக்கில் அடித்த காசு இது. போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11
அத்தை புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு காசைக் கேட்டார். பளிச்சென்று ஆக்கிவிடுகிறேன் என்று. பிடுங்காத குறையாக வாங்கினேன். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்ப மாட்டார்கள், அந்தக் கறுப்பு போனால் திரும்ப வராது. விலை போகட்டும், மிச்சமிருக்கும் அந்த எண்ணும் போய்விட்டால்? அத்தை சாப்பிடாமல் படுத்துவிட்டார். கத்தியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 13
நகைக்கடைத் தராசில் 1.81 கிராம். புதிதாக இருந்தபோது 1.95. அப்பாவின் இடுப்பிலும் இத்தனை வருடத்திலும் கரைந்தது அவ்வளவுதான்.

அப்புறம் நாணயக் கடை. பெரியவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். ஆண்டுக்குக் கீழே மெல்லிய புள்ளி, காசு அடித்த அச்சகத்தின் குறி என்றார். எனக்குத் தெரியவே இல்லை. அவர் காட்டிய பிறகு அதை மட்டும்தான் பார்க்கிறேன். எண்? "சொல்ல முடியல தம்பி." தேயாமல், அடித்த நாளின் மினுமினுப்போடு இருந்தால் சில நூறு போகுமாம். இதற்கு முப்பது ரூபாய். கொடுக்கவில்லை.

பிப்ரவரி 14
காசின் மேல் மெல்லிய தாள், பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். எண்ணின் தலையில் நேர்க்கோடு போல ஒன்று. 5!

இரவு 2 மணி. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால் வளைகிறது.

பிப்ரவரி 16
அப்பா கண் திறந்தார். உள்ளங்கையில் காசை வைத்தேன். கட்டைவிரல் நகர்ந்து நகர்ந்து ஓட்டைக்குப் போய் நின்றது. "எந்த வருஷம்ப்பா?" உதடு அசைந்தது.

பிப்ரவரி 17
டியூப் மாற்றுகிறார்கள். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். காசு அப்பாவின் கையிலேயே இருக்கிறது.