64 கிலோபைட்டில் பதினைந்து ஆடுகள்

கடலூரில் காலை ஏழே முக்காலுக்குப் பஸ் ஏறினால் முள்ளோடை, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று ஆளை ஏற்றி இறக்கி ஒன்பது மணிக்குள் புதுச்சேரியில் விட்டுவிடும். 2006 முதல் ஆறு ஆண்டுகள் எனக்கு அதுதான் வழி. இலாசுப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, தகரக் கூரை போட்ட அறை, ஏழு பேர், ஏழு கணினிகள். கைபேசிக்கு வீடியோ கேம் செய்கிறேன் என்றால், பெண் பார்க்கப் போன வீட்டில் "விளையாட்டு இருக்கட்டும், வேலை என்ன?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். நாங்கள் பார்த்தது பாதி தையற்கடை வேலை. வெளியூர் நிறுவனங்கள் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதி அனுப்பும் விளையாட்டை ஒவ்வொரு கைபேசிக்கும் அளவெடுத்து வெட்டிப் பொருத்த வேண்டும். தொழிலில் அதற்குப் போர்ட்டிங் என்று பெயர். தொடக்கக் கால நோக்கியா சீரிஸ் 40 கைபேசிகளில் மொத்தக் கோப்பும் 64 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. திரை 128க்கு 128 புள்ளிகள். திரைக்குக் கீழுள்ள இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால் நிரலுக்குக் கிடைக்கும் எண் நோக்கியாவில் -6, சீமென்ஸில் -1. ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் படுத்துவிடும். நாற்பது கைபேசிகளைச் சார்ஜில் போட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கட்டைவிரல் காய்த்துப்போன காலம் அது.

முதலாளியின் வாயில் எப்போதும் 'ஐடி சாஃப்ட்வேர்' (id Software) என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனத்தின் கதைதான். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் சாஃப்ட்டிஸ்க் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர்கள், அலுவலகக் கணினிகளை வார இறுதியில் வீட்டுக்குத் தூக்கிப்போய் 'கமாண்டர் கீன்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். 1990 டிசம்பரில் அது வெளிவந்தது. 1991 பிப்ரவரியில் சொந்த நிறுவனம். 1993 டிசம்பர் 10 அன்று 'டூம்' என்ற விளையாட்டு. முதல் பகுதியை இலவசமாகக் கொடுத்து, மீதிக்குக் காசு வாங்கினார்கள். "நீங்களும் எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி, நான் தடுக்கவா போகிறேன்?" என்பார். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் யார் போவது! அந்த நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் டாம் ஹால் டூம் வெளிவரும் முன்பே விலகியதையும், ஜான் ரொமேரோ 1996இல் வெளியேறியதையும் அவர் சொன்னதே இல்லை.

ஆனாலும் சொந்தமாக ஒன்று செய்தோம்: ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. கணினி புலி, ஆடுபவர் ஆடு. பதினைந்து ஆட்டுக்கும் ஒரே படம்தான்; பதினோரு புள்ளி அகலத்துக்குள் ஓர் ஆட்டை வரைவது எவ்வளவு கடினம் என்பது வரைந்தவருக்குத்தான் தெரியும். கொம்பு வைத்தால் காது போல இருந்தது. தாடிக்கு ஒரே ஒரு புள்ளி வைத்தார். நாக்கைத் தொங்கவிட்ட நாயாகிவிட்டது. முகப்புப் படத்தில் நிறங்களைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் 63 கிலோபைட்டில் அடக்கினோம்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வந்தது, பின்னாலேயே ஆண்ட்ராய்டு. பொத்தான் கைபேசிக்குத் தைப்பவர்களைத் தேடி யார் வருவார்கள்? 2011இல் மூன்று பேர்தான் மிச்சம்.

அந்த டிசம்பர் 30 விடிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பஸ் ஓடத் தொடங்கிய பிறகு போய்ப் பார்த்தால் தகரக் கூரை பக்கத்து மனையில் கிடந்தது. கணினிகள் ஊறிப்போயிருந்தன. நிறுவனத்தை மூடியது புயல்தான் என்று முதலாளி இன்றும் சொல்கிறார், நான் மறுப்பதில்லை. மூலநிரல்களைப் பிரதி எடுப்பது என் பொறுப்பு. தவறாமல் எடுத்தேன். எடுத்த வட்டை அதே மேசையின் இழுப்பறையில் வைத்திருந்தேன்.

மிஞ்சியது அம்மாவின் பழைய நோக்கியாவில் நான் ஏற்றிக்கொடுத்த ஒரு பிரதி மட்டும். மூடி உடைந்து ரப்பர் வளையம் போட்டிருக்கிறது. மின்சாரம் போன மாலைகளில் வாசற்படியில் உட்கார்ந்து ஆடுவார். திடீரெனக் கூப்பிடுவார்: "டேய், இந்த நாய்க்குட்டியை எங்கே வைக்கட்டும்?"