பவுடர் கோட்டிங் பூத்துக்குத் தீப் பாதுகாப்பு ஆடிட்: எங்களைத் தடுத்து நிறுத்தியது ஒரு கொக்கி

ஒருவழியாக ஆடிட் தேறிவிட்டது. அதற்குள் பட்ட பாட்டை எழுதி வைத்தால் இன்னொரு யூனிட்டுக்காவது உதவும்.

கோவைப் பக்கம் ஜாப் வொர்க் எடுக்கும் சின்ன பவுடர் கோட்டிங் யூனிட் எங்களுடையது. பவுடர் அடிக்கும் அறையான ஒரு பூத், பவுடருக்கு மின் சார்ஜ் ஏற்றிப் பொருளின் மேல் ஒட்ட வைக்கும், கையில் பிடித்து அடிக்கும் இரண்டு கன், ஒட்டிய பவுடரை உருக்கி இறுக வைக்கும் ஒரு அடுப்பு. தூசி வெடிப்பு, தீ இரண்டுக்கும் ஆடிட் தேறினால்தான் அடுத்த ஆர்டர் என்று வாடிக்கையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். தீயணைப்பான், வெளியேறும் வழி, பேனல் எல்லாம் சீக்கிரமே முடிந்தன. சிக்கல் பூத்தில்தான்.

முதல் இழுபறி பவுடரின் பாதுகாப்புத் தரவுத் தாளுக்கு. அதில் 9-ம் பகுதியில் கீழ் வெடிப்பு வரம்பு, அதாவது காற்றில் எவ்வளவு பவுடர் கலந்தால் வெடிக்கத் தொடங்கும் என்ற அளவு, இருக்க வேண்டும். டீலர் அனுப்பியது விளம்பரத் தாள். நேரில் போய் நின்றால், "இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்லைங்களே" என்கிறார். கடைசியில் தயாரிப்பாளருக்கே பேட்ச் எண் போட்டு மெயில் அனுப்பியதும் வந்து சேர்ந்தது. டீலரிடம் அலையாதீர்கள்.

வரம்பு தெரிந்தால் பூத்துக்குள் பவுடரின் சராசரி அளவு அதில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஐரோப்பியத் தரநிலைப்படி கன மீட்டருக்கு 10 கிராமைத் தாண்டக்கூடாது. கணக்கு எளிது. ஒரு கன் நிமிடத்துக்கு 250 கிராம் தள்ளினால் இரண்டும் சேர்ந்து 500. எக்ஸாஸ்ட் நிமிடத்துக்கு 100 கன மீட்டர் இழுத்தால், கன மீட்டருக்கு 5 கிராம். ஃபில்டர் அடைத்துக் காற்று பாதியானால் அதே பூத் 10-ல் போய் நிற்கும். அதனால்தான் ஃபில்டருக்கு அழுத்த மானியும், ஃபேன் நின்றால் கன் தானாக நிற்கும் இன்டர்லாக்கும் கேட்கிறார்கள். இரண்டையும் போட்டுவிட்டோம்.

அப்புறம் எர்த்திங். எங்கள் எலெக்ட்ரீஷியன் கொடுத்திருந்த ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. ஆடிட்டர் அதை ஓரமாக வைத்துவிட்டு, மின்தடை அளக்கும் மெகரை 500 வோல்ட்டில் வைத்து, கொக்கியில் தொங்கும் பொருளில் ஒரு முனையையும் எர்த்தில் இன்னொன்றையும் தொட்டார். முள் அசையவே இல்லை. 1 மெகாஓமுக்குக் கீழ் வர வேண்டிய இடத்தில் இணைப்பே இல்லாத மாதிரி காட்டியது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், "பிட் ரெண்டு ஓம்தானுங்க சார் காட்டுது, அப்புறம் என்னங்க?" என்றார். தரையில் புதைத்த எர்த் பிட்டை அளப்பது வேறு, கொக்கியிலிருந்து எர்த் வரை அளப்பது வேறு. அந்த ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

காரணம் கொக்கியில் ஏறியிருந்த பழைய கோட்டிங். ஒவ்வொரு முறை அடுப்புக்குள் போய் வரும்போதும் அதன் மேல் ஒரு தோல் சேருகிறது. அந்தத் தோல் மின்சாரத்தைக் கடத்தாது. இப்போதைய கன்களில் மின்னோட்டம் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், கன்னை விட எர்த் இல்லாமல் தொங்கும் பெரிய இரும்புத் துண்டுதான் ஆபத்து. அது சார்ஜைச் சேர்த்து வைத்து, பக்கத்தில் ஒரு எர்த் கிடைத்ததும் ஒரே பொறியாக விடும். சுற்றிலும் பவுடர் மேகம் இருந்தால் அது போதும்.

கொக்கிகளைப் பழைய கோட்டிங்கை எரித்து எடுக்கும் பர்ன்-ஆஃப் அடுப்புக்கு அனுப்பினோம். பொருள் உட்காரும் இடத்தில் கூர்முனை உள்ள கொக்கிகளாக மாற்றினோம். இப்போது தினமும் காலையில் சில கொக்கிகளை மெகரில் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். கூடுதல் லாபமாக, மூலைகளில் பவுடர் ஏறாமல் திரும்பி வந்த ரிஜெக்ட் வெகுவாகக் குறைந்தது. ஓனர் முகம் மலர்ந்தது இதில்தான்!

ஆட்களையும் விடவில்லை. ரப்பர் செருப்பு போய் ஆன்டிஸ்டாட்டிக் ஷூ வந்தது. உள்ளங்கை கன் பிடியை நேராகத் தொட வேண்டும் என்பதால் கையுறையின் உள்ளங்கைப் பகுதியை வெட்டிவிட்டோம். முதலில் முணுமுணுத்தார்கள். பொருளைத் தொடும்போது சுரீர் என்று அடிப்பது நின்றதும் அவர்களே பழகிவிட்டார்கள்.

இன்னும் ஆறாதது வேக்குவம் விஷயம். பூத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது, படிந்த தூசி மேகமாகக் கிளம்பும் என்று சொன்னதால் ஓனர் கடைக்காரர் பேச்சை நம்பி 'இண்டஸ்ட்ரியல்' வேக்குவம் வாங்கி வந்தார். உள்ளே பொறி பறக்கும் சாதாரண பிரஷ் மோட்டார். ஆடிட்டர் பிளக்கைச் சொருகக்கூட விடவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். எரியும் தூசி உள்ள இடத்தில் பயன்படுத்தலாம் என்று சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அது எண்ணோடு கையில் வராமல் காசைக் கொடுக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு குறிப்பு மட்டும் பாக்கி இருக்கிறது. பக்கத்து ஷெட்டில் அலுமினியம் பஃபிங் (பாலிஷ்) நடக்கிறது. அதன் தூசிக் குழாயையும் எங்கள் தூசி சேகரிக்கும் கலெக்டரில் சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஆடிட்டர் கூடவே கூடாது என்றார். சீனாவின் குன்ஷானில் 2014 ஆகஸ்ட் 2-ம் தேதி வெடித்து 146 பேரைக் கொன்றது இதே மாதிரி பாலிஷ் பட்டறையின் அலுமினியத் தூசிதான். அது பற்றினால் தண்ணீர் ஊற்றவும் முடியாது. தனி கலெக்டருக்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறோம். ஷெட்டுக்கு வெளியே, ஆள் நடமாடாத பக்கம் வெடிப்பு வென்ட் (வெடித்தால் அழுத்தத்தை வெளியே விடும் திறப்பு) திரும்பியிருக்கும்படி தரும் சப்ளையரைத்தான் எடுப்போம்.