லெஃப்ட்டுன்னா யாருக்கு லெஃப்ட்டு மிஸ்?

பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் பேப்பர்ல ரோட் மேப்னு ஒரு கேள்வி வரும், எழுதுனவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலு தெரு, ஒரு பேங்க், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பார்க்னு கட்டம் கட்டமா படம் போட்டிருப்பாங்க, வழி தெரியாம நிக்கிற ஒருத்தருக்கு நீங்க வழி சொல்லணும். பார்டர்ல நிக்கிற பிள்ளைங்களுக்கு இது கும்பிட வேண்டிய கேள்வி. கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட், வாக் எ ஃப்யூ மீட்டர்ஸ், யூ வில் ஃபைண்ட் தி பேங்க் ஆன் யுவர் ரைட். இத மனப்பாடம் பண்ண வச்சுட்டா போதும், சிலதுங்க படத்தப் பாக்காமயே எழுதிட்டு வந்துரும். நானும் பல வருஷம் அப்படித்தான் நடத்துனேன், மறைக்க என்ன இருக்கு.

எனக்கு ஊரு முதுகுளத்தூர் பக்கம். கருவேலங்காட்டையும் வத்திப்போன கண்மாயையும் பாத்து வளந்தவ, கடல்னா ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போறப்ப முங்கி எந்திரிக்கிறதோட சரி. மண்டபம் பக்கம் ஒரு கடக்கரை ஊருக்கு டிரான்ஸ்ஃபர் கெடச்சு போன மொத நாள் பஸ்ஸ விட்டு எறங்கி மீன் கூடையோட நின்ன ஒரு அப்பத்தாகிட்ட பள்ளிக்கூடம் எங்கன்னு கேட்டேன். "இப்படியே வாடப்பக்கமா போ தாயி, ஐஸ் கம்பெனி வரும், அங்கன கச்சான் பக்கம் திரும்புனா பள்ளிக்கூடந்தான்" அப்படின்னுச்சு. நானும் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு நடந்து நடந்து கடைசியில வலை காயப்போட்டிருக்கற மணல்ல போயி நின்னேன். மொத நாளே ஹெச்எம்கிட்ட லேட்டுக்கு திட்டு.

வாடைன்னா வடக்கு, சோழகம் தெக்கு, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. எல்லாமே காத்தோட பேரு, அதுதான் திசைக்கும் பேரு. இத எனக்குச் சொல்லிக் குடுத்தது ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க. கடல் எந்தப் பக்கம்னு கேட்டாக்கூட எந்தக் கடல்னு திருப்பிக் கேப்பாங்க, ஏன்னா அங்க நிலம் ஒடுங்கி வாலு மாதிரி கெடக்குது, ஒரு பக்கம் பாக் ஜலசந்தி, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, அவங்களுக்கு அது வடகடல், தென்கடல். ஒரு கடல் கொந்தளிக்கறப்ப இன்னொன்னு குளம் மாதிரி கெடக்கும். அதப் பாத்துப் பழகவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

ஒரு தடவ புக்ல இருக்கற மேப் சலிச்சுப்போயி, போர்டுல அவங்க ஊரையே வரைஞ்சேன். பஸ் ஸ்டாப், சர்ச், டீக்கடை, படகு ஜெட்டி, ஐஸ் கம்பெனி. "பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன், ஐஸ் கம்பெனிக்கு வழி சொல்லுங்க, இங்கிலீஷ்ல." யாரும் வாயத் தொறக்கல. மனப்பாடமா முப்பது மார்க் எழுதுற பிள்ளைகூட தலைய குனிஞ்சுக்கிச்சு. அப்ப கடைசி பெஞ்ச்லருந்து ஒருத்தன், இங்கிலீஷ்ல இருபது தாண்டாதவன், எந்திரிச்சு கேட்டான். "மிஸ், லெஃப்ட்டுன்னா யாருக்கு லெஃப்ட்டு? உங்களுக்கா எனக்கா?"

கிளாஸே சிரிச்சுச்சு, நானுந்தான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. "நீங்க என்னயப் பாத்து நிக்கிறீங்க மிஸ், உங்க லெஃப்ட்டு எனக்கு ரைட்டு. வாடப்பக்கம்னு சொன்னா ரெண்டு பேருக்கும் ஒரே பக்கந்தான?"

பதில் சொல்லத் தெரியாம "உக்காரு"ன்னுட்டேன். வாத்தியார் வேலையில இந்த உக்காருங்கற வார்த்தைய நாங்க எத்தன எடத்துல ஒளிஞ்சுக்க யூஸ் பண்றோம்னு யாராச்சும் கணக்கெடுக்கணும். பின்னாடி தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது, ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துப் பக்கம் கூகு யிமிதிர்னு ஒரு மொழி, அதுல எடம் சொல்றதுக்கு இடது வலதே கெடையாது, எல்லாம் கிழக்கு மேற்குதான். கங்காருங்கற வார்த்தையே 1770ல கேப்டன் குக் கப்பல் அங்க ஒதுங்குனப்ப அந்த மொழியிலருந்து இங்கிலீஷுக்குப் போனதுதான். ஆக கடைசி பெஞ்ச்காரன் கேட்டது கிறுக்குத்தனமான கேள்வியே இல்ல.

அந்த வருஷம் கார்த்திகையில பாம்பன்ல 3ஆம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாங்க, போட்டு எதுவும் கடலுக்குப் போகல. அன்னைக்கு அந்தக் கடைசி பெஞ்ச்காரனோட அப்பா ஏதோ கையெழுத்துக்கு ஸ்கூலுக்கு வந்தாரு. சும்மா பேச்சுவாக்குல நான், "அண்ணே, போட்டுல வலது இடதெல்லாம் எப்படிச் சொல்லுவீங்க"ன்னு கேட்டேன். அவரு, "எங்களுக்கு ராத்திரியில லைட்டுதான் டீச்சர், எதுத்தாப்ல வர்ற கப்பல்ல சிவப்பு தெரியுதா பச்ச தெரியுதான்னு பாத்துதான் அவன் எங்கிட்டு போறான்னு கண்டுபுடிப்போம்"னாரு. அப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு. கடல் இங்கிலீஷ்லயும் லெஃப்ட் ரைட் கெடையாதே! போர்ட், ஸ்டார்போர்ட். அணியத்த, அதாவது கப்பலோட முன்பக்கத்தப் பாத்து நின்னா இடது பக்கம் போர்ட், அங்க சிவப்பு லைட்டு, வலது பக்கம் ஸ்டார்போர்ட், அங்க பச்சை, நீங்க எங்கிட்டு திரும்பி நின்னாலும் அது மாறாது. அந்தக் காலத்துல சுக்கான் கப்பலோட பின்பக்கத்துக்கு வர்றதுக்கு முன்ன கப்பலத் திருப்புற துடுப்பு வலது பக்கம் கட்டியிருக்கும், ஸ்டியர் பண்ற பக்கம்தான் ஸ்டார்போர்ட் ஆச்சு. இடது பக்கத்துக்கு மொதல்ல லார்போர்ட்னு பேரு, காத்துல கத்துறப்ப ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதுன்னு 1844ல பிரிட்டிஷ் கடற்படை போர்ட்னே சொல்லணும்னு உத்தரவு போட்டுருச்சு. அவன் கேட்டதும் கப்பல்காரங்க மாட்டுனதும் ஒரே சிக்கல்தான், நான்தான் எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சுட்டு அதக் கேட்டு சிரிச்சிருக்கேன்.

மறுநாள் கிளாஸ்ல இதச் சொன்னேன். அந்த ஒரு பீரியட் நான் நடத்துன மாதிரியே இல்ல, அவங்கதான் நடத்துனாங்க. கட்டுமரம்தான் இங்கிலீஷ்ல கேட்டமரன் ஆச்சுன்னு சொல்லி போன்ல படம் காட்டுனா, ரெண்டு ஒடம்பு வச்ச பெரிய படகப் பாத்துட்டு "இது கட்டுமரமே இல்ல மிஸ், யாரோ ஏமாத்திட்டாங்க"ன்னு ஒரே சண்டை.

இன்னொன்னு சொல்லணும். இதே பிள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேரு லீவு நாள்ல ராமேஸ்வரத்துல சொந்தக்காரங்க சங்குக் கடையில நிப்பாங்க. வடநாட்டுக்காரங்ககிட்ட ஹிந்தி பேசுற வேகத்தப் பாக்கணுமே, ஸ்கூல்ல ஒரு எழுத்து படிச்சதில்ல. தப்பாத்தான் பேசுவாங்களா இருக்கும், ஆனா அந்த யாத்ரீகர் சங்க கையில வச்சுக்கிட்டு வெல சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நிக்கிறாரே. என் கிளாஸ்ல யாரு காத்துக்கிட்டு நிக்கிறா? தமிழ்ல வினை கடைசியில வரும், பையன் மனசுக்குள்ள அத தூக்கி நடுவுல வைக்கறதுக்குள்ள நான் குறுக்க பாஞ்சு திருத்திருவேன். "எனக்குப் பசிக்குது"ங்கறத "டு மீ ஹங்ரி"ன்னு ஒருத்தி சொன்னப்ப "ஐ யாம் ஹங்ரி"ன்னு திருத்துனேனே தவிர, சாப்ட்டியாடின்னு கேக்கத் தோணல.

சரி, விஷயத்துக்கு வரேன். ரிவிஷன் டெஸ்ட்ல அந்தக் கடைசி பெஞ்ச்காரன் ரோட் மேப் கேள்விக்கு எழுதியிருந்தான். படத்துல மூலையில வடக்கு அம்புக்குறி போட்டிருந்துச்சு, நாங்க யாரும் அதக் கண்டுக்கறதே இல்ல. அவன் அத மட்டும் பாத்து எழுதியிருக்கான். கோ நார்த் சைட். ஆஃப்டர் பேங்க் கோ வெஸ்ட் சைட். ஹாஸ்பிட்டல் கம். ஸ்பெல்லிங் ரெண்டு தப்பு, ஆனா வழி சரி. வெரல வச்சு படத்துல நானே நடந்து பாத்தேன், ஆஸ்பத்திரி வருது.

பப்ளிக் பேப்பர் திருத்துற கேம்ப்புக்கு நான் போயிருக்கேன். ஆன்சர் கீயில என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க், கீயில லெஃப்ட் ரைட்தான் இருக்கும், தெரியாத ஊர்ல ஒரு டீச்சர் ஒரு நாளைக்கு அத்தன பேப்பர் திருத்தறப்ப வெரல வச்சு நடந்து பாத்துக்கிட்டா இருப்பாங்க. அதையெல்லாம் நெனச்சு பாதி மார்க் போட்டேன்.

பேப்பர் குடுத்தப்ப அவன் டேபிள்கிட்ட வந்து நின்னான். "மிஸ், இப்படிப் போனா ஆஸ்பத்திரி வராதா?"

"வரும்"னேன்.

கொஞ்ச நேரம் நின்னான், பேப்பர மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு போயிட்டான்.