எபிடாரஸ்: நீர் தெளித்து நுழைந்த வாசல்

ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எபிடாரஸில் இறங்குகிறவர்கள் எல்லோரும் புகழ்பெற்ற கல் அரங்கத்தைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். நான் பைன் மரங்களுக்கு நடுவே வடக்குக் கோடிக்கு நடந்தேன். அஸ்கிலேபியஸ் என்னும் மருத்துவத் தெய்வத்தை நாடி வந்த நோயாளிகள் நுழைந்த பழைய வாசல் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் வந்த வழியாகவே உள்ளே போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்று மிஞ்சியிருப்பது கல் தளமும் தூண்களின் அடிப்பகுதிகளும்தான். கிரேக்கக் கோயில்களின் வாசலில் கல் தொட்டியில் நீர் இருக்கும். தொட்டுத் தெளித்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அவர்கள் மியாஸ்மா என்றதற்குத் தீட்டு என்பதைவிட நெருக்கமான சொல் நம்மிடம் இல்லை. சாவும் பிரசவமும் சிந்திய ரத்தமும் மியாஸ்மா. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டும். தெய்வம் இருக்கும் இடத்தை அண்டக் கூடாது.

ஆனால் இந்தக் கோயிலில் பொறித்திருந்ததாகப் பழைய நூல் சொல்லும் வாசகம் வேறொன்றையும் கேட்கிறது: "நறுமணம் கமழும் கோயிலுக்குள் நுழைபவர் தூய்மையாக இருக்க வேண்டும், தூய்மை என்பது புனிதமானவற்றை நினைப்பது." கல் தளத்தில் நின்று இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னேன். உடம்பு சிலிர்த்தது.

உள்ளே அபடான் என்ற நீண்ட மண்டபம். நோயாளிகள் நீராடி, பலி கொடுத்துவிட்டு, இரவில் இங்கே படுத்துக்கொள்வார்கள். கனவில் தெய்வம் வந்து குணமாக்கும் என்பது நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். மண்டபத்தின் ஓரத்தில் பழைய கிணறு ஒன்று. எட்டிப் பார்த்தேன், இருட்டுத்தான் தெரிந்தது.

இந்த எல்லைக்குள் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்பது அன்றைய விதி. அப்பல்லோ தெய்வத்தின் புனிதத் தீவான டிலோஸிலும் இதே விதிதான், அங்கே கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் கல்லறைகளைக்கூடத் தோண்டி, எதிரே இருக்கும் ரெனியா தீவுக்குக் கொண்டுபோனார்கள். எபிடாரஸில் சாகக் கிடந்தவர்கள் வெட்டவெளியில் உயிர்விட்டார்கள். பெண்கள் கூரையில்லாமல் பிரசவித்தார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பவுசானியஸ் என்ற கிரேக்கப் பயண எழுத்தாளர் இதை எழுதியிருக்கிறார். அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்திலேயே இருந்தவள் நான். குணமாக்கும் சாமியின் வாசலிலிருந்து ஒரு தாயைத் தூக்கிப்போய் வெளியே கிடத்துவதை என் மனம் ஏற்க மறுக்கிறது.

அதே பவுசானியஸ் இன்னொன்றும் சொல்கிறார். அவர் காலத்தில் அந்தோனினஸ் என்ற ரோமானிய செனட்டர், இறப்பவர்களுக்கும் பிரசவிப்பவர்களுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். விதியை மாற்றவில்லை, தலைக்கு மேல் ஒரு கூரை கொடுத்தார். வாசலில் எழுதியிருந்த புனித நினைவு அதுதான் என்று எனக்குப் பட்டது.

மறுபடியும் வடக்கு வாசலுக்கே போனேன். பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தெளித்துக்கொண்டு, அம்மாவின் பெயரைச் சொன்னேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அரங்கத்துக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.