ஃபெர்ரி எஞ்சின் ரூம் வேலை: கேட்கும் தம்பிகளுக்கு

நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். 2024இல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. எங்கள் தெருவில் கப்பல் வேலை என்றாலே டேங்கர், கன்டெய்னர், டாலர் சம்பளம். தீவுக்குத் தீவு ஓடும் ஃபெர்ரியில், அதுவும் கீழே எஞ்சின் ரூமில் வேலை என்று சொன்னால், "அட, போட் வேலையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் அங்கே தொடங்கியவன்தான். இப்போது பெரிய கப்பலில் ஆயிலராக, அதாவது எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக் கவனிக்கிறவனாக இருக்கிறேன். எஞ்சினைப் பழகிக்கொள்ள ஃபெர்ரியைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி.

காரணம் எளிது. பெரிய கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் எஞ்சின் ஒரே வேகத்தில் நாள்கணக்கில் ஓடும். பல கப்பல்களில் இரவில் எஞ்சின் ரூமில் ஆளே இருக்க மாட்டார்கள், ஏதாவது என்றால் கேபினில் அலாரம் அடிக்கும். ஃபெர்ரியில் அந்தச் சொகுசு இல்லை. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கிளப்பிய எஞ்சினை இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஹேவ்லாக் தீவில் நிறுத்த வேண்டும். ஆள் இறங்கி, ஏறி, சரக்கு மாறியதும் மறுபடி கிளப்பி நீல் தீவு. ஒவ்வொரு ஜெட்டியிலும், கப்பலை ஓட்டும் மேல் அறையான பிரிட்ஜிலிருந்து முன்னே, பின்னே, நிறுத்து என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். எஞ்சின் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும். பைப் இணைப்பு கசிவதும், வால்வு மக்கர் பண்ணுவதும் பெரும்பாலும் இந்த மாறுகிற நேரத்தில்தான். பெரிய கப்பலில் மாதக்கணக்கில் கண்ணில் படாததை இங்கே ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம்.

உள்ளே போனதும் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதே. கொடுப்பது பழந்துணி. முதல் பதவி வைப்பர், அதாவது துடைக்கிறவன். தரைத் தகட்டுக்குக் கீழே எண்ணெயும் தண்ணீரும் சேருகிற பில்ஜ் உன் ராஜ்யம். அதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதே. எஞ்சினில் எங்கே என்ன ஒழுகினாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். நேற்று காய்ந்திருந்த மூலையில் இன்று ஈரம் இருந்தால் அதை முதலில் பார்க்கிறவன் வைப்பர்தான். அந்தத் தண்ணீரை அப்படியே கடலில் இறைக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள். எண்ணெயைப் பிரித்தெடுக்கும் செப்பரேட்டர் வழியாகப் போய், எண்ணெய் 15 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) மிகாமல் இருந்தால் மட்டுமே வெளியே விடலாம்.

எனக்கு வாய்த்த ஆயிலர் அண்ணன் ராமேஸ்வரத்துக்காரர். எஞ்சினைப் பற்றி ஏதாவது கேட்டால், "எண்ணெயெல்லாம் அப்புறம், தம்பி. முதல்ல தண்ணி எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு பாத்துட்டு வா" என்பார். பச்சைப் பைப் கடல் நீர், நீலம் நன்னீர், பழுப்பு டீசல், சிவப்பு தீயணைப்பு. டார்ச்சை எடுத்துக்கொண்டு பச்சைப் பைப்பைப் பிடித்தபடி ஊர்ந்து போவேன். கப்பலின் அடியில் கடல் நீர் உள்ளே வரும் பெட்டியான சீ செஸ்ட், அங்கிருந்து குப்பையைப் பிடிக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னர், பம்ப், கூலர், மறுபடி கடல். கூலரில் கடல் நீர் நன்னீரைக் குளிர வைக்கிறது, அந்த நன்னீர்தான் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிறது. இந்தப் பாதை மனதில் பதிந்துவிட்டால், டெம்பரேச்சர் ஏறும்போது எங்கே போய் நிற்க வேண்டும் என்று காலுக்கே தெரியும்.

பெரும்பாலும் போய் நிற்பது ஸ்ட்ரெய்னர் பக்கம். ஆழமில்லாத ஜெட்டிக்குள் வந்து பின்னே எடுக்கும்போது புரொப்பல்லர் அடியிலுள்ள சேற்றையெல்லாம் கிளப்பிவிடும். பம்ப் அதைக் குடிக்கும். மூடியைத் திறந்தால் கூடைக்குள் கடல்பாசி, சிப்பி ஓடு, குர்குரே பாக்கெட், சில நேரம் உயிரோடு ஒரு குட்டி மீன். ஜெல்லி மீன் சீசனில் கூடை முழுக்க வெள்ளைக் கொழகொழப்பு. சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. திறப்பதில்தான் இருக்கிறது விஷயம். முதலில் மாற்று ஸ்ட்ரெய்னருக்குத் திருப்பி, இரண்டு பக்க வால்வையும் மூடி, மேலே உள்ள சின்னத் திருகுக் குழாயைத் திறந்து பிரஷர் இறங்கியதா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகும் நட்டுகளை முழுதாகக் கழற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மூடியை லேசாக நெம்பிப் பார்க்க வேண்டும். வால்வு சரியாக மூடாமல் இருந்தால் அந்த இடுக்கில் தண்ணீர் பீறிடும், உடனே திரும்ப முறுக்கிவிடலாம். நட்டெல்லாம் கழற்றியாகிவிட்டதென்றால் மூடிக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நீ.

காதையும் பழக்க வேண்டும். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினால், டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி உள்ளே நடப்பது கேட்கும். நல்ல பேரிங் சீராக முனகும், கெட்டுப்போனது கரகரக்கும். இப்போது அகச்சிவப்பு தெர்மாமீட்டரெல்லாம் வந்துவிட்டது, ஆனாலும் நான் ஸ்க்ரூடிரைவரை விடவில்லை. மற்ற நேரத்தில் காதுக்கவசத்தைக் கழற்றாதே. பெரிசுகள் பல பேர் வீம்புக்குப் போடாமலே வேலை பார்த்திருக்கிறார்கள். இன்று அவர்கள் வீட்டு டிவி மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது.

இன்னொன்று, சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) அலாரம். எஞ்சின் ரூமில் தீ கட்டுக்கடங்காமல் போனால் கதவடைத்து அந்த வாயுவைத் திறந்துவிடுவார்கள். அது தீயை அணைக்கும், ஆளையும் அணைக்கும். அந்தச் சைரன் கேட்டால் போன், செருப்பு, பர்ஸ் எதையும் தேடாமல் மேலே ஓட வேண்டும்.

வெக்கையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பழகிவிடும். வாந்திதான் கொஞ்சம் படுத்தும். ஜூன், ஜூலையில் லிட்டில் அந்தமான் தீவின் ஹட்பே ஓட்டம் போய்ப் பார். டீசல் வாசனை, ஆட்டம், நாற்பது டிகிரிக்கு மேல் சூடு எல்லாம் ஒன்றாகச் சேரும்போது வாளியைக் கட்டிக்கொண்டுதான் லாக் புக் எழுதுவாய். வெறும் வயிற்றோடு கீழே இறங்காதே, உலர்ந்த ரொட்டி இரண்டாவது தின்றுவிட்டுப் போ.

சரி, உள்ளே நுழைவது எப்படி? பத்தாவது முடித்தவர்களுக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த ஆறு மாத ஜிபி ரேட்டிங் கோர்ஸ் இருக்கிறது. ரேட்டிங் என்றால் அதிகாரி அல்லாத கப்பல் ஊழியர். நிறக்குருடு இருந்தால் மெடிக்கலிலேயே சிக்கும், அதனால் பணம் கட்டுவதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள். வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் எங்கள் தெருவரைக்கும் வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அம்மாவின் நகையை விற்றுக் கொடுத்தான், இன்றுவரை கப்பலும் இல்லை, பணமும் இல்லை. கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் உள்ள ஏஜென்ட்டாக இருந்தாலும், வேலை தருவதற்கு நம்மிடம் காசு வாங்கச் சட்டத்தில் இடமில்லை. கேட்டாலே எழுந்து வந்துவிடு.

ஃபெர்ரியில் சேரும் முன் இன்னொன்றைக் கேட்டுக்கொள்: மெயின் எஞ்சின் எத்தனை கிலோவாட்? கடலோடிகளின் பயிற்சிக்கான சர்வதேச விதியான எஸ்டிசிடபிள்யூ-வின்படி எஞ்சின் ரூம் ரேட்டிங்குக்குத் தரும் சான்றிதழ்கள் 750 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை. துறைமுகத்துக்குள்ளேயே ஓடும் சின்னப் படகில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டுப் பெரிய கப்பலுக்குப் போக நினைத்தால், அந்த அனுபவம் செல்லாது என்று அவர்கள் சொல்லிவிடக்கூடும். சின்னப் படகுக்கும் தனி வழி உண்டு. கிரீசராக, அதாவது எஞ்சினுக்குக் கிரீஸ் போடுகிற உதவியாளாக இருந்து எஞ்சின் டிரைவர் பரீட்சை எழுதலாம், ஆனால் அது உள்நாட்டு நீர்வழியோடு நின்றுவிடும். எந்த வழி வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். இறங்கும்போது கடல் சேவைச் சான்றில் எஞ்சின் பெயர், கிலோவாட், தேதி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சீஃப் எஞ்சினியர் கப்பலில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடு. அவர் வேறு கப்பலுக்குப் போய்விட்டால் அந்தக் கையெழுத்துக்கு நாயாய் அலைய வேண்டும்.