உயிருள்ளதை எண்ணுகிறோம், மடிந்ததை மறந்துவிடுகிறோம்

உயிர் உரம் தயாரிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வைரஸ் என்றால் ஒரே அர்த்தம்தான்: பேட்ச் போச்சு. பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சில் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாகப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவை ஃபெர்மென்டர் என்ற வளர்ப்புத் தொட்டியில் வளர்க்கும்போது திரவம் நாளாக நாளாகக் கலங்கிக் கெட்டியாக வேண்டும். ஃபேஜ் புகுந்துவிட்டால், மாலையில் கலங்கலாக இருந்தது காலையில் தெளிந்து நிற்கும். "மேடம், தெளிஞ்சிருச்சு" என்று ஃபெர்மென்டர் பார்க்கும் அண்ணன் வந்து சொன்னால், அப்புறம் கழுவுவதும் ஆவியில் அவிப்பதும்தான் வேலை. ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். செல்லுக்குள் போய்த் தன்னையே பெருக்கிக்கொண்டு, செல்லை உடைத்து வெளியே வரும். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியில் இது சுலபமாக நழுவிவிடும்.

எங்கள் தொழிலின் அளவுகோல் உயிரோடு இருப்பதை எண்ணுவது. லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து பாக்கெட் போடும் உரம் என்றால், கிராமுக்கு குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. எண்ணிக்கை வந்தால் பாக்கெட் போகும், வராவிட்டால் போகாது. இப்படியே பழகியதால் மண்ணையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளாத்திகுளம் பக்கம் மானாவாரிக் கரிசலில் உளுந்து போட்டிருந்த பெரியவர் ஒருவர் என் பார்வையைத் திருப்பினார். "தாயி, கஞ்சியில கலந்து வெதையில பெரட்டித்தான் போட்டேன். முடிச்சு இருக்கு, ஆனா கிள்ளிப் பாத்தா வெள்ளையா கெடக்கு" என்றார். வேர் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அது தழைச்சத்தைப் பிடிக்கவில்லை. இதற்கு வறட்சி காரணமாக இருக்கலாம். மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் உதவாத ரைசோபியம் முந்திக்கொண்டிருக்கவும் கூடும். இருந்தாலும் அவர் நிலத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து வந்து, நீரில் கலக்கி வடிகட்டி, எங்கள் ரைசோபியம் படர்ந்த பெட்ரி தட்டில் ஊற்றிப் பார்த்தேன். தட்டில் வட்ட வட்டமாகத் தெளிந்த ஓட்டைகள் விழுந்தன. நாங்கள் விற்ற பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ் அந்த மண்ணிலேயே இருந்தது.

இது புதிய சங்கதி இல்லை. பிரான்சில் 1930களிலேயே டெமோலோன், டுனே என்ற இரு ஆய்வாளர்கள், குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போடும் நிலம் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோவதை ஃபேஜோடு சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். பாக்டீரியாக் கூட்டத்தில் எது அதிகமாகப் பெருகுகிறதோ அதன்மேல்தான் ஃபேஜ் முதலில் பாயும், ஏனென்றால் அதுதான் அடிக்கடி எதிர்ப்படும். நாங்களோ ஒரே ரக ரைசோபியத்தைக் கோடிக்கணக்கில் விதையோடு சேர்த்து இறக்குகிறோம்.

சரி, அப்படியானால் இந்த வைரஸை ஒழித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவரும் "இதுக்கு மருந்து இல்லையா தாயி?" என்றுதான் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், கூடத்தில் நான் எதிரியாகப் பார்த்தது வயலில் செய்யும் வேலை புரிந்தது.

ஒரு கிராம் மண்ணில் ஒரு கோடியிலிருந்து ஆயிரம் கோடி வரை வைரஸ் துகள்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. பல துகள்கள் களிமண்ணில் ஒட்டிக் கிடக்கும். இன்னும் பல, பாக்டீரியாவின் மரபணுவுக்குள்ளேயே ஒண்டிக்கொண்டு தக்க நேரத்துக்குக் காத்திருக்கும். அவை உடைக்கும் ஒவ்வொரு செல்லிலிருந்தும் சத்து வெளியே கொட்டுகிறது. பாக்டீரியாவின் உடம்பில் தழைச்சத்து மிக அதிகம். ஐந்து பங்கு கரிமத்துக்கு ஏறக்குறைய ஒரு பங்கு. உயிரோடு இருக்கும்வரை அதைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கும், பயிருக்குக் கிடைக்காது. செல் உடைந்தால்தான் அது அம்மோனியமாகி வேருக்குப் போகும். புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிரிகளும் நூற்புழுவும் பாக்டீரியாவைத் தின்று இதே வேலையைச் செய்கின்றன, ஃபேஜ் மட்டும் தனியாகச் செய்வதில்லை. உடைந்த செல்களின் மிச்சம் களியில் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்குவதும் உண்டு. மேல்மண்ணின் அங்ககக் கரிமத்தில் பாதி அளவுக்குக்கூட மடிந்த நுண்ணுயிர்களின் எச்சமாக இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது முதல் மழை. காய்ந்த மண் நனைந்ததும் கரியமில வாயுவும் தழைச்சத்தும் திடீரென்று பெருக்கெடுப்பதை, கென்யாவில் பணியாற்றிய ஆய்வாளர் பர்ச் 1958இல் விளக்கமாக எழுதினார். கலிஃபோர்னியாவில் கோடையில் காய்ந்துகிடக்கும் புல்வெளி மண்ணை நனைத்துப் பார்த்து 2023இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. நனைந்து ஒரு வாரம் ஆன நிலையில், நுண்ணுயிர் இறப்பில் 46 சதவீதம் வரை வைரஸால் நிகழக்கூடும் என்று அது கணக்கிட்டது. நம் மானாவாரி விவசாயி விதை போடுவதும் அந்த நேரத்தில்தானே! மழை விழுந்து ஈரம் இறங்கியதும் மண்ணுக்குள் பெருகுவதும் மடிவதும் ஒன்றாக நடக்கிறது. முளைத்து வரும் பயிருக்கு அதில்தான் முதல் உணவு. நம் கரிசலில் இதை அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருக்கிறது.

2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம், பேரூட்டம், நுண்ணூட்டம் எல்லாம் உண்டு. உயிர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர்க்கச் சொல்பவர்களும் பாக்டீரியா எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். எண்ணிக்கை அதிகமாக இருந்தும் எதுவுமே சுழலாத மண் பயிருக்குப் பெரிதாக உதவாது. எவ்வளவு இருக்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாகப் பிறந்து மடிகிறது என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பெரியவருக்கு மருந்து எதுவும் சொல்லவில்லை. தொழுவுரத்தை நிறுத்தாதீர்கள், ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். கூடத்தில்தான் வேலை இருக்கிறது. இப்போதெல்லாம் புது ரகம் எதையும் ஃபெர்மென்டருக்கு அனுப்பும் முன், அது போகப்போகும் ஊர்களின் மண்ணை வடித்து அதன்மேல் ஊற்றிப் பார்க்கிறோம். ஒரு பாக்கெட்டில் ஒரே ரகத்துக்குப் பதில் இரண்டு மூன்று ரகங்கள் போக வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தனியாக மதர் கல்ச்சர் (மூல வளர்ப்பு), தனியாகச் சோதனை என்று செலவு கூடும் என்கிறார்கள். கூடும்தான். ஒன்றை ஃபேஜ் தின்றாலும் இன்னொன்று முடிச்சுக்குள் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறதே.