ஒருக்களிச்சுப் படுத்தா நேர்க்கோடு சாயுது

இருட்டுல ஒருக்களிச்சுப் படுத்தா நேர்க்கோடு எவ்ளோ சாஞ்சு தெரியுதுன்னு பாக்கணும், மூணு ராத்திரியா இதே வேலைதான். அட்டைய வட்டமா வெட்டி அதுமேல இருட்டுல மினுங்குற டேப்ப ஒத்தக் கோடா ஒட்டி, சுத்துற மாதிரி சுவத்துல ஆணியில மாட்டிட்டேன், பக்கத்துல தூக்குக்குண்டுக்குப் பதிலா நூல்ல ஒரு நட்டு. லைட்ட அணைச்சுட்டு நான் வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பேன், தம்பி கோட்ட மெதுவா சுத்துவான், எனக்கு செங்குத்தா தெரியுற எடத்துல "நிறுத்து"ன்னு சொல்லணும், அப்புறம் லைட்டப் போட்டு ப்ரொட்ராக்டர்ல அளக்கணும்.

முதல் நாள் வேஸ்ட். 1, 2 டிகிரிக்கு மேல தப்பே வரல. பாத்தா கதவுக்குக் கீழ வெளிச்சம் ஒரு கோடா கசியுது, நான் எனக்கே தெரியாம அத வச்சு அளவு பாத்துருக்கேன்.

மறுநாள் துண்ட சுருட்டி அந்த இடுக்குல அடைச்சேன். தப்பு 14, 17, 12 டிகிரி வந்துச்சு. எல்லாமே என் தலை கெடக்குற பக்கமா சாய்வு. "டேய் லைட் போடுறப்ப கைய வச்சுட்டியா?" "சத்தியமா இல்லண்ணா, நீதான் நிறுத்தச் சொன்ன."

இத 1861-லயே ஆபெர்ட்னு ஒரு ஜெர்மன்காரர் எழுதி வச்சுட்டாரு. காதுக்குள்ள இருக்குற சுண்ணாம்புத் துகள் கீழ எதுன்னு சொல்லும், கழுத்தும் படுக்கையில அழுந்துற தோலும் அதுங்க பங்குக்கு ஒண்ணு சொல்லும், ஆனா எல்லாத்தையும் கூட்டிப் பாத்தும் மூளை தலை சாஞ்சத கம்மியாத்தான் கணக்குப் போடுது. இதுல கூத்து என்னன்னா உக்காந்துக்கிட்டு தலைய மட்டும் லேசா சாச்சப்ப 2 டிகிரி எதிர்ப்பக்கம் போச்சு, அதுக்குப் பேரு முல்லர் விளைவாம். கோட்டையே முறைச்சுப் பாத்தா அது மிதக்க ஆரம்பிச்சுடும், அதனால நடுநடுவுல கண்ண மூடிக்கிறது நல்லது.

மூணாவது நாள் குனிஞ்சு காலுக்கு நடுவுல பாக்குறது. ஹிகாஷியாமா, அடாச்சின்னு ரெண்டு ஜப்பான்காரங்க 2006-ல செஞ்சது, 2016-ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்குற ஆராய்ச்சிக்குக் குடுக்குற இக் நோபல் பரிசுகூட கெடச்சுது. தூரத்துப் பொருள் சின்னதாவும் கிட்டவும் தெரியும்ங்கிறாங்க. நேரா நின்னுக்கிட்டு தலைகீழா காட்டுற கண்ணாடி போட்டா அப்படி ஆகலையாம், அப்போ காரணம் படம் கவுந்தது இல்ல, ஒடம்பு கவுந்ததுதான். எனக்கு நடைக்கோடியில இருந்த நாற்காலி பொம்மை நாற்காலி மாதிரி தெரிஞ்சுது, ஆனா தலைக்கு ரத்தம் ஏறி அளக்கவே முடியல.

இடது பக்கம் படுத்து இன்னும் பாக்கல. தம்பி படுத்து நான் சுத்துனதுல அவனுக்கு 6 டிகிரிதான் வந்துச்சு, அதுலேர்ந்து வீட்ல அவன் அலட்டல் தாங்கல.